வயிற்றை விற்ற வரலாறு

சாப்பிட்டது வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் யாருக்கும் உருப்படியாகத் தெரியாது. தெரியாததால் சண்டை மட்டும் பலமாக நடந்தது. வயிறு அரைக்கிறது என்றது ஒரு கட்சி. இல்லை, உள்சூட்டில் வேகிறது என்றது எதிர்க்கட்சி. இரண்டும் இல்லை, மெல்ல அழுகுகிறது என்றது மூன்றாவது அணி. கேட்கவே குமட்டினாலும் அந்த அணிக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். தான் எந்தக் கொள்கைப்படி வேலை செய்கிறோம் என்று வயிறு மட்டும் வாய் திறக்கவில்லை.

இன்று மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில் ‘என்ஸைம்’ என்றும் ‘டீடாக்ஸ்’ என்றும் மின்னுகிற டப்பாக்களின் குடும்ப வரலாறு இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் பன்றி, கொஞ்சம் பூஞ்சை, நிறைய வாய்ச்சவடால் என்று மூதாதையர் பட்டியல் கொஞ்சம் கலவையானது.

பருந்தும் பாதிரியாரும்

முதல் துப்பறிவாளர் பிரான்ஸ் தேசத்து ரியோமர். தெர்மாமீட்டர் புகழ் ரியோமரேதான். அவரிடம் ஒரு பருந்து இருந்தது. செரிக்காததைத் திரும்பக் கக்கிவிடுவது பருந்தின் சுபாவம். ஆராய்ச்சிக்கு இதைவிட ஒத்துழைக்கும் வயிறு கிடைக்குமா? சின்ன உலோகக் குழாயில் இறைச்சியை அடைத்து, இரண்டு முனையிலும் கம்பி வலை கட்டிப் பருந்தை விழுங்க வைத்தார். விழுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கக்கியது. குழாய்க்குள் இருந்த இறைச்சியை எதுவும் அரைத்திருக்க முடியாது. ஆனாலும் பாதி கரைந்து போயிருந்தது. அழுகிய நாற்றமும் இல்லை. 1752-ல் அவர் வெளியிட்ட முடிவு: வயிற்றில் ஏதோ ஒரு சாறு இருக்கிறது, கரைக்கிற வேலை அதனுடையது.

அடுத்து வந்தவர் இத்தாலியின் ஸ்பல்லன்சானி. பாதிரியார், பேராசிரியர், எதற்கும் துணிந்தவர். தவளைகளுக்குக் குட்டிக் கால்சட்டை தைத்துப் போட்டு இனப்பெருக்கத்தை ஆராய்ந்த மனுஷர் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பருந்தை நம்பியிருக்க அவருக்குப் பொறுமையில்லை. ரொட்டியையும் இறைச்சியையும் துணிப்பைகளில் தைத்துத் தானே விழுங்கினார். பை வெளியே வரும் வரை காத்திருந்து, எடுத்து, பிரித்துப் பார்த்தார். அந்தக் காட்சியை மேலும் விவரிக்காமல் நகர்வது எல்லோருக்கும் நல்லது. அதிகாலை வெறும் வயிற்றில் தொண்டையில் விரல் விட்டு வாந்தியெடுத்துத் தன் இரைப்பைச் சாற்றைச் சேகரித்தார். பறவைகளின் இரைப்பைச் சாற்றையும் இறைச்சியையும் கண்ணாடிக் குழாயில் போட்டு, உடல்சூடு வேண்டுமே என்று அக்குளில் இடுக்கிக்கொண்டு நாள் கணக்கில் திரிந்தார். அந்த நாட்களில் அவரிடம் பாவமன்னிப்புக் கேட்கப் போனவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பாவம். 1780-ல் அவர் புத்தகம் வந்தது. வயிற்றுக்கு வெளியிலும் அந்தச் சாறு வேலை செய்யும் என்பது நிரூபணமாயிற்று.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வயிற்றுக்கு வெளியே வேலை செய்கிறது என்றால் பாட்டிலில் அடைக்கலாம். பாட்டிலில் அடைக்கலாம் என்றால் விலை போடலாம்.

ஓட்டை வயிற்றுக்காரர்

விலை போடுமுன் இன்னொரு அவதி பாக்கியிருந்தது. 1822 ஜூன் 6. அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் கம்பளித்தோல் வியாபாரக் கம்பெனியின் கடை. அங்கே தற்செயலாக ஒரு துப்பாக்கி வெடித்தது. பக்கத்தில் நின்றிருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடியப் படகோட்டியின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் ஓடி வந்து பார்த்துவிட்டு, பிழைக்க மாட்டான் என்றார். பிழைத்தான். பிழைத்ததோடு, இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. விலாவுக்குக் கீழே ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தால் உள்ளே சமையல் நடப்பது தெரியும்.

மருத்துவருக்கு அன்று முதல் தூக்கம் போயிற்று. 1825 ஆகஸ்ட் முதல் தேதி, வேகவைத்த மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, காய்ந்த ரொட்டி, பச்சை முட்டைகோஸ் என்று துண்டு துண்டாகப் பட்டு நூலில் கோத்து ஓட்டை வழியாக இறக்கினார். மணிக்கு ஒருமுறை தூண்டிலை இழுத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். அலெக்சிஸுக்கு வயிற்று வலி. அதையும் குறிப்பெழுதினார். வெறும் இரைப்பையில் நாக்கை வைத்து ருசியும் பார்த்தார். அறிவியலுக்காக உயிர் கொடுத்தவர்கள் உண்டு. நாக்கைக் கொடுத்தவர் இவர்.

அலெக்சிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கனடாவுக்கு ஓடிப்போனார். கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளை பெற்றார். போமன்ட் ஆள் விட்டுத் தேடி, 1829-ல் குடும்பத்தோடு திரும்ப வரவழைத்தார். 1832-ல் ஒப்பந்தம் எழுதினார்கள்: வருஷத்துக்கு 150 டாலர், சாப்பாடு, தங்குமிடம். பதிலுக்கு வயிறு மருத்துவர் வசம். சம்பளச் செலவை அரசாங்கத் தலையில் கட்ட அலெக்சிஸை ராணுவத்தில் சார்ஜென்டாகவும் சேர்த்துவிட்டார்கள். துப்பாக்கி தூக்காமல், தன் இரைப்பையைத் திறந்து காட்டுவதற்காகவே பதவி பெற்ற படைவீரர் வரலாற்றில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். சாற்றில் ஒரு பாட்டிலை ஸ்வீடனில் இருந்த பெரிய வேதியியலாளர் பெர்சீலியஸுக்கு அனுப்பினார் போமன்ட். அது கப்பலேறி, கெட்டுப்போய், மாதக்கணக்கில் கழித்துப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவருக்கு நன்றியோடு சரி.

ஆனாலும் 1833-ல் வெளியான போமன்டின் புத்தகம் நிஜமான சாதனை. உணவு வந்ததும் சாறு சுரப்பதை, அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை, கோபம் வந்தால் செரிமானம் கெடுவதை எல்லாம் ஆராய்ந்து எழுதினார். அலெக்சிஸுக்குக் கோபம் வர வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

கதையின் நீதி: 1853-ல் மருத்துவர் பனிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததன் விளைவாக இறந்தார். ஓட்டை வயிற்றுக்காரர் 1880 வரை இருந்தார். அவர் இறந்ததும் குடும்பத்தார் உடலை வெயிலில் போட்டு அழுகவிட்டு, பிறகே மிக ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். இனி எந்த டாக்டரும் வயிற்றைக் கேட்டு வரக் கூடாதாம்.

பன்றிப் படம் போட்ட பாட்டில்

அமிலம் மட்டும் இறைச்சியை அந்த வேகத்தில் கரைக்காது, கூட வேறு ஏதோ இருக்கிறது என்று துருவிய ஜெர்மானியர் தியோடர் ஷ்வான் 1836-ல் அந்த என்ஸைமைப் பிடித்து ‘பெப்சின்’ என்று பெயரிட்டார். 1850-களில் மூன்றாம் நெப்போலியனின் மருத்துவரான லூசியன் கோர்விசார் அதை மருந்தாக்கினார். அஜீரணமா? உன் வயிற்றில் பெப்சின் குறைவு. ஆட்டின் இரைப்பையிலிருந்து, பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பணக்காரப் பாரிஸ் முழுக்க வயிற்றைத் தடவிக்கொண்டு தலையாட்டியது. பன்னிரண்டு வகைப் பதார்த்தம் உள்ளே தள்ளியவனுக்குப் பெப்சின் போதாமல்தான் ஏப்பம் வருகிறது என்று சொல்கிற மருத்துவரை யாருக்குப் பிடிக்காது?

அட்லாண்டிக்கைத் தாண்டியதும் வியாபாரம் சூடுபிடித்தது. சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளில் பன்றியின் அலறலைத் தவிர எல்லாவற்றையும் விற்றார்கள். இரைப்பைத் தோல் மட்டும் சும்மா கிடக்குமா? ஆர்மர் கம்பெனி பெப்சின் தயாரிப்பில் இறங்கியது. பெப்சின் மாத்திரை வந்தது. பெப்சின் ஒயின் வந்தது. ஆல்கஹால் பெப்சினை முடக்கும் என்பது குடித்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள், மருந்து என்று சொல்லிக் குடிக்கிற பாக்கியம் எப்போதும் கிடைக்கிறதா என்ன?

‘லாக்டோபெப்டைன்’ என்று ஒரு பொடி வந்தது. பெப்சின், கணைய என்ஸைம், எச்சில் என்ஸைம், அமிலம் எல்லாம் ஒரே டப்பாவில். அமிலம் இருந்தால் கணைய என்ஸைம் செத்துவிடும், அமிலம் இல்லாவிட்டால் பெப்சின் படுத்துவிடும். இப்படி ஒன்றுக்கொன்று ஆகாதவற்றை ஒரே வீட்டில் குடிவைத்து, முழுக் குடும்பம் என்று விற்றார்கள்.

ஒஹையோவில் எட்வர்ட் பீமன் என்ற டாக்டர் பெப்சின் பொடி விற்றார். பாட்டில் மேல் பன்றிப் படம். இதைப் போட்டால் பன்றி மாதிரி சாப்பிடலாம் என்பதே விளம்பரத்தின் சாரம். விளம்பர உலகில் இவ்வளவு நேர்மையை அதற்கு முன்னும் பின்னும் பார்க்க முடியாது. பிறகு பெப்சினைச் சூயிங்கத்தில் கலந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் பன்றியை எடுத்துவிட்டுப் பீமனின் தாடி முகத்தை அச்சடிக்கச் சொன்னார்கள். விற்பனை பறந்தது. பெப்சினுக்கு வேலை செய்ய வயிற்று அமிலம் வேண்டும். வாயில் அது கிடையாது. மென்று துப்புகிற பண்டத்தில் பெப்சின் என்ன செய்யும் என்று கேட்கிற வயசில் வாடிக்கையாளர்கள் இல்லை.

வட கரோலினாவின் நியூ பெர்ன் ஊரில் காலெப் பிராடம் என்ற மருந்துக்கடைக்காரர் 1893-ல் ஒரு கோலா பானம் காய்ச்சினார். 1898-ல் அதற்கு ‘பெப்சி-கோலா’ என்று பெயர் சூட்டினார். குடித்தால் உற்சாகம் வரும், செரிமானம் ஆகும் என்று விளம்பரம் சொன்னது. செய்முறையில் பெப்சின் கிடையாது. பன்றியை வெட்டாமல், இரைப்பையைக் காயவைக்காமல், வாசனை வந்தால் போதும் என்று கண்டுபிடித்த முதல் புத்திசாலி அவர். முதல் உலகப் போருக்குப் பின் சர்க்கரை விலை ஏறி இறங்கியதில் 1923-ல் திவாலானார். அவரால் மட்டும் அந்த நஷ்டத்தைச் செரிக்க முடியவில்லை.

ஜப்பான் பூஞ்சை

பன்றிகள் பெருமூச்சு விடும்படி ஒரு காரியம் செய்தவர் ஜோகிச்சி தகமினே. ஜப்பானில் அரிசியைச் சாக்கேயாகப் புளிக்க வைக்கிற பூஞ்சை, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அதே பூஞ்சையால் விஸ்கி செய்கிறேன் பேர்வழி என்று 1890-ல் அமெரிக்காவுக்கு வந்தார். விஸ்கிக்காகப் பார்லியை முளைகட்டி விற்றுப் பிழைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். பியோரியா நகரில் அவருடைய தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. மனுஷர் அசரவில்லை. விஸ்கி போனால் என்ன, அஜீரணம் இருக்கிறதே! பூஞ்சையிலிருந்து எடுத்த என்ஸைமுக்கு 1894-ல் காப்புரிமை வாங்கினார். பார்க்-டேவிஸ் கம்பெனி அதை ‘தகா-டயாஸ்டேஸ்’ என்று உலகம் முழுக்க விற்றது.

ஜப்பானிலும் அது சக்கைப்போடு போட்டது. எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் ‘நான் ஒரு பூனை’ நாவலில் வரும் வாத்தியார் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இதைத்தான் விழுங்குவார். பூனை அதைப் பார்த்துச் சிரிக்கும். சோசெகியே 1916-ல் இரைப்பைப் புண்ணால் இறந்தார். பூனைக்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கிறது.

நம் வீட்டு அலமாரியில் அன்னாசி மணத்தோடு நிற்கிற செரிமான சிரப்பை எடுத்து லேபிளைப் படியுங்கள். ‘ஃபங்கல் டயாஸ்டேஸ்’, ‘பெப்சின்’ என்று இருந்தால் தகமினேயின் பூஞ்சையும் ஷ்வானின் பன்றியும் ஒரே பாட்டிலில் கைகோத்துத் தமிழ்நாட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின் உங்களைச் சந்திக்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பப்பாளியையும் விட்டுவைக்கவில்லை. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பாலில் பபைன் என்ற என்ஸைம் இருக்கிறது. இலங்கை ஒரு காலத்தில் அதை ஏற்றுமதி செய்வதில் முன்னணியில் நின்றது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ-2, கோ-5 ரகங்களை வெளியிட்டபோது பபைனையும் மனதில் வைத்திருந்தது. பிரியாணி மாஸ்டர் முற்றின ஆட்டுக்கறியில் பப்பாளிக் காயை அரைத்துப் பூசுகிறாரே, அங்கே அது சத்தியமாக வேலை செய்யும். அண்டாவுக்குள் வயிற்று அமிலமும் இல்லை, விளம்பரமும் இல்லை.

குடலுக்குள் எதிரி

இதுவரை வந்தவர்கள் செரிமானத்தை மட்டும் விற்றார்கள். இனி வருகிறவர்கள் பயத்தை விற்றார்கள். டீடாக்ஸின் பிறப்புக்கு நாள் குறிக்க வேண்டுமானால் 1887-ஐக் குறிக்கலாம். அந்த வருஷம் பாரிஸ் மருத்துவர் சார்லஸ் பூஷார், குடலில் தேங்கும் கழிவு நஞ்சாகி இரத்தத்தில் ஏறுகிறது என்ற கொள்கையைப் புத்தகமாக்கினார். தலைவலியா, சோர்வா, எரிச்சலா, மாமியார் மேல் கோபமா? எல்லாம் பெருங்குடலின் சதி.

அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த எலீ மெட்ச்னிகோஃப் சாமானியர் இல்லை. 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவரே பெருங்குடல் நமக்கு வேண்டாத சுமை, மூப்பு அங்கிருந்துதான் வருகிறது, பல்கேரியக் குடியானவர்களைப் போலப் புளித்த பால் குடித்தால் நீண்ட நாள் வாழலாம் என்றார். ஐரோப்பா தயிருக்கு அலைந்தது. அவர் தினமும் குடித்துவிட்டு 71 வயதில் காலமானார். தயிர்சாதத்திலேயே பல் முளைத்த சமூகம் இதை அனுதாபத்தோடுதான் பார்க்க முடியும்.

மிச்சிகனின் பேட்டில் கிரீக் சானடோரியத்தில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் ஒரு படி மேலே போனார். தயிரில் பாதி வாய் வழியாக, மீதி எனிமா வழியாக. பாரபட்சம் கூடாது அல்லவா? லண்டனில் சர் ஆர்புத்நாட் லேன் இன்னும் மேலே போனார். நஞ்சு குடலில் இருக்கிறதா, குடலையே எடுத்துவிட்டால் தீர்ந்தது. மலச்சிக்கலோடு வந்தவர்களுக்குப் பெருங்குடலை அறுத்தெடுத்து அனுப்பினார். சிலர் பிழைக்கவில்லை. இல்லாத ஒரு உறுப்பை அறுத்தெடுத்தே சம்பாதிக்கிற டாக்டரை பெர்னார்ட் ஷா 1906-ல் மேடையேற்றியபோது லண்டன் யாரை நினைத்துச் சிரித்தது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கூத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது கொஞ்சம் பஞ்சு. மலம் கழித்த சில நிமிஷங்களில் தலைவலி போய்விடுகிறதே, இரத்தத்தில் ஏறிய நஞ்சு அவ்வளவு சீக்கிரம் எப்படி இறங்கும் என்று 1919-ல் கேட்டார் அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ். 1922-ல் டொனால்ட்சன் என்பவர் சில தன்னார்வலர்களின் ஆசனவாயில் சுத்தமான பஞ்சை அடைத்துப் பார்த்தார். அதே தலைவலி, அதே சோர்வு, அதே எரிச்சல். பஞ்சுக்குள் என்ன நஞ்சு? குடல் விரிவதால் நரம்புக்கு வருகிற தொல்லை அது. சாட்சியம் தந்த தன்னார்வலர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. எந்தப் போஸில் வைப்பது என்ற சிக்கல் காரணமாக இருக்கலாம்.

நஞ்சுக் கொள்கை மருத்துவப் புத்தகத்திலிருந்து வெளியேறிற்று. விளம்பரத்திலிருந்து வெளியேறவில்லை.

சாப்பிட வந்ததைச் சாப்பிட்ட வயிறு

1926-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் சம்னர் ஒரு அவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற என்ஸைமைப் படிகமாக எடுத்தார். சிறுவயது வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர், ஒற்றைக் கையால் சாதித்தார். என்ஸைம் என்பது புரதம் என்றார். நோபல் வாங்கிய ஜெர்மானியர் வில்ஸ்டாட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. 1930-ல் ஜான் நார்த்ராப் பெப்சினையே படிகமாக்கிக் காட்டினார், அதுவும் புரதம்தான். இருவருக்கும் 1946-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் வியாபாரிகளுக்கு ஒரு இடி இருந்தது. என்ஸைம் புரதம் என்றால், வயிறு அதை முட்டையைப் போலவும் பருப்பைப் போலவும்தான் நடத்தும். செரிக்க உதவ வந்த விருந்தாளியையே அமிலத்தில் முக்கி, துண்டுபோட்டு, அமினோ அமிலமாக்கிவிடும். பெரும்பாலான என்ஸைம்களுக்கு இரைப்பை வாசலிலேயே இந்த மரியாதை நடக்கும். தப்பிப் பிழைப்பவையும் குடலுக்குள் உணவை உடைக்குமே தவிர, இரத்தத்தில் ஏறி ஈரலைத் துடைத்துப் பளபளப்பாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

இடி விழுந்த சத்தம் சிகாகோ டாக்டர் எட்வர்ட் ஹவலுக்குக் கேட்கவில்லை. பிறக்கும்போதே நமக்கு என்ஸைம் இருப்பு ஒரு அளவுதான் தரப்படுகிறது, சமைத்த சோறு தின்னத் தின்ன அது கரைகிறது, தீர்ந்தால் கணக்கு முடிந்தது என்று எழுதினார். 1985-ல் வந்த அவருடைய ‘என்ஸைம் நியூட்ரிஷன்’ இன்றைய டப்பாக்களின் வேதம். உண்மையில் கணையம் மட்டும் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் செரிமானச் சாறு சுரக்கிறது. மரபணு சொல்லச் சொல்ல உடல் என்ஸைமைப் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. கேரட்டில் இருக்கும் என்ஸைம் கேரட்டின் சொந்த வேலைக்கு, உங்கள் பணிவிடைக்கு அல்ல.

1994-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. துணைஉணவு என்று பெயரிட்டால் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டியதில்லை; நோயைக் குணமாக்கும் என்று மட்டும் சொல்லாமல், செரிமானத்துக்குத் துணைபுரியும் என்று வழவழவென்று சொல்லிக்கொள்ளலாம். பீமனின் பன்றி மறுபிறவி எடுத்தது. 2009-ல் லண்டனின் ‘சென்ஸ் அபௌட் சயன்ஸ்’ அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள், டீடாக்ஸ் என்று விற்கப்பட்ட 15 பொருட்களின் கம்பெனிகளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதிலேயே எந்த இரண்டு கம்பெனிகளும் ஒத்துப்போகவில்லை. ஈரலும் சிறுநீரகமும் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் போலும்.

யாருக்கு வேண்டும்?

என்ஸைமே ஏமாற்று என்று யாரும் சொல்லவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைக்கும், நாள்பட்ட கணைய அழற்சியால் கணையம் ஓய்ந்துபோனவருக்கும் கணைய என்ஸைம் உயிர்மருந்து. அந்த அழற்சியில் ஒரு வகை தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், அதிகம் பார்க்கப்பட்டது. அமிலத்தைத் தாண்டிக் குடலில் போய்த் திறக்கும்படி பூச்சு கொடுத்து அந்தக் கணைய என்ஸைமைச் செய்கிறார்கள். அந்த மருந்துகளும் முறையான அனுமதி பெற்றாக வேண்டும் என்று 2010-லிருந்து அமெரிக்கா கறாராகச் சொல்லிவிட்டது. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லாக்டேஸ் மாத்திரை நிஜமாகவே உதவும். நம் பக்கத்தில் பெரியவர்களில் பலருக்குப் பால் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. அவர்களுக்கு மோரும் தயிரும் மலிவான வழி.

எடை குறைகிறது, மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு போகிறது, வயிற்று வலி விடாமல் வருகிறது என்றால் டப்பாவைத் தேடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். கல்யாண வீட்டில் மூன்றாவது முறை பாயசம் வாங்கியதால் வந்த உப்புசம் என்றால் அதற்கு என்ஸைம் தேவையில்லை, அடுத்த வேளையைத் தள்ளிப்போட்டால் போதும். மற்றபடி யாராவது டீடாக்ஸ் டப்பாவை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நச்சை, எவ்வளவு, எந்த வழியாக இது வெளியேற்றும்? பெயரும் அளவும் சொன்னால் பிறகு யோசிக்கலாம். சொல்லாவிட்டால் அந்தக் காசுக்கு நல்ல பப்பாளியாகப் பார்த்து வாங்கிச் சாப்பிடுங்கள்.